பட்டுப்புடவையில் ஓட்டை போட்ட ஆள்

பீரோவின் அடித்தட்டில் கிடந்த பட்டுப்புடவை மடிப்பில் பொடிப்பொடியாய் ஓட்டைகள். கரப்பான் என்றுதான் அம்மா சொன்னார், ஆனால் உதறியபோது பூசணி விதை மாதிரி தட்டையான சாம்பல்நிறக் கூடு ஒன்று விழுந்தது, கொஞ்ச நேரத்தில் அதன் முனையிலிருந்து குட்டித் தலை நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. அந்துப்பூச்சியின் புழு. சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதேதான்.

பறக்கிற பூச்சி துணியைத் தின்னாது. தின்பதெல்லாம் புழு, பட்டு, கம்பளி, உதிர்ந்த முடி, ஒட்டடை எல்லாம் அதற்குச் சாப்பாடு. வியர்வைக் கறை இருந்தால் கொண்டாட்டம்தான்.

அதனால் மருந்தைத் தேடாமல் பீரோவைக் காலி செய்து, இடுக்கு, மூலை, பின்பக்கம் எல்லாம் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, குப்பையை உடனே வெளியே போட்டேன். பருத்தித் துணிகளை வெந்நீரில் துவைத்தேன். கம்பளிச் சால்வை, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசருக்குள் போனது: மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் இருந்தால் முட்டையும் சாகும். (மீனுக்குப் பக்கத்தில் சால்வையா என்று வீட்டில் முறைத்தார்கள்.) வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர் அடங்கட்டும், இல்லாவிட்டால் துணி ஈரமாகிவிடும்.

அந்துருண்டை காற்றுப் புகாத பெட்டியில்தான் வேலை செய்யும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நெடியால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடலாம். வசம்பு, வேப்பிலை வைப்பதும் சரிதான், ஆனால் உள்ளே இருக்கும் புழு அதற்கெல்லாம் சாகாது.

புடவையை இழை ஓட்டித் தைப்பவரிடம் கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, முந்தானை தப்பித்தது.