சிறுநீரகத்தைச் ‘சுத்தம்’ செய்யப் போய்ச் செய்யும் தவறுகள்

உடம்பில் தேங்கிய கழிவை வெளியேற்ற வெறும் வயிற்றில் ஏதாவது சாறு குடித்தாக வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். நம் இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய 99 சதவீதம் ரத்தத்துக்கே திரும்பிவிடும். ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகளோடும் மிஞ்சிய உப்புகளோடும் சிறுநீராக வெளியேறுகிறது. இந்த வேலையைச் செய்ய ‘டீடாக்ஸ்’ பானம் எதுவும் தேவையில்லை.

சில சாறுகள் கெடுதலும் செய்யும். கொலஸ்டிரால் குறையும் என்று பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு படிகமாகிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. நட்சத்திரப் பழமும் இப்படித்தான். சிறுநீரக நோயாளிகள் அதைத் தொடவே கூடாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வலி மாத்திரைதான். முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி, மாதக்கணக்கில் போடுகிறார்கள். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை விரிந்த நிலையில் வைத்திருக்க உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்றவை அந்தச் சுரப்பையே தடுக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்தால் வடிகட்டலும் குறையும். வயதானவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், வெயிலில் வேலை செய்து நீர்வற்றிப் போனவர்கள், வயிற்றுப்போக்கில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். வீட்டில் பெரியவர்கள் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று தயவுசெய்து அட்டையை வாங்கிப் பாருங்கள்.

வியர்த்தால் நச்சு வெளியேறும் என்பதும் தவறான கணக்கு. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். உடம்பின் சூட்டைத் தணிப்பதே அதன் வேலை. தண்ணீரிலும் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் பொதுவாகப் போதிய நீர் கிடைக்கிறது என்று கொள்ளலாம். சிறுநீரகம் செயலிழந்தவர் ‘நிறையக் குடித்தால் சரியாகும்’ என்று குடித்தால், அந்த நீர் காலிலும் நுரையீரலிலும் கோத்துக்கொள்ளும்.

வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் பெரிய தவறு. நாள்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலிக்காது. கால் வீங்கும்போது பெரும்பகுதி பழுதாகியிருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவும், சிறுநீரகத்தின் செயல்திறன் பாதியாகக் குறையும்வரை இயல்பாகவே தெரியக்கூடும். ஆகவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினினோடு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.