பால்வெளியின் பரவல் காமா ஒளிக்கு மாதிரி அமைப்பது எப்படி

பரவல் காமா ஒளி என்பது தனித்தனி மூலங்களாகப் பிரியாமல் வானெங்கும் பரந்து தெரியும் காமா ஒளி. எடுத்த எடுப்பிலேயே வான வரைபடத்தோடு மாதிரியைப் பொருத்தப் போகாதீர்கள். ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில் பதிவாகும் காமா ஒளித்துகள்களில் பெரும்பங்கு, அண்டக் கதிர்கள் (விண்வெளியில் பாயும் உயர் ஆற்றல் துகள்கள்) வாயுவோடும் விண்மீன் ஒளியோடும் மோதுவதால் வருகிறது. முதலில் கதிர்களைச் சரிசெய்யுங்கள். வானத்துக்கு அப்புறம் வரலாம்.

அண்டக் கதிர்களின் பயணத்தைக் கணக்கிடும் கால்ப்ராப் நிரலில் தொடங்க நல்ல மதிப்புகள்: ஒளிவட்டத்தின் (பால்வெளி வட்டைச் சூழ்ந்து கதிர்கள் உலவும் பகுதி) அரை உயரம் 4 கிலோபார்செக், 4 ஜிகாவோல்ட்டில் பரவல் கெழு (கதிர்கள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்ற அளவு) 5.8×10²⁸ செ.மீ²/வினாடி, அதன் அடுக்கு 0.33, ஆல்ஃபென் வேகம் (வாயுவில் காந்தப்புல அலைகள் செல்லும் வேகம்) வினாடிக்கு 30 கி.மீ. கட்டம் ஆரத்தில் 1 கிலோபார்செக், உயரத்தில் 0.1 போதும். போரான்–கார்பன் விகிதத்தைப் பொருத்தினால் கிடைப்பது பரவல் கெழுவுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரிலியம்-10. அதன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுகள் என்பதால் கடிகாரமாக உதவுகிறது. அது சிதைந்து போரான்-10 ஆகிறது. நிரலோ கனமான அணுக்கருவிலிருந்து இறங்கிக் கணக்கிடும். பெரிலியத்துக்கு வரும்போது போரான் முடிந்திருக்கும். அதனால் வினை வலையை (எல்லா அணுக்கருக்களின் கணக்கையும்) 2 முறை ஓட்டவேண்டும். ஒரே முறையோடு நிறுத்தினால் போரான் குறைந்து நிற்கும். பரவல் கெழுவைக் குறை சொல்லி அலைவீர்கள்.

காலப்படியிலும் கவனம் தேவை. 100 கோடி ஆண்டுகளில் தொடங்கி, ஒவ்வொரு படியையும் 20 முறை செய்து, பாதியாக்கிக்கொண்டே 100 ஆண்டுவரை இறங்குங்கள். 1 டெரா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் சில லட்சம் ஆண்டுகளில் ஆற்றலை இழந்துவிடும். அதைவிடப் பெரிய படியில் நின்றால் எலக்ட்ரான் நிறமாலையின் உயர்முனை தவறாகும். எலக்ட்ரான்கள் விண்மீன் ஒளியோடு மோதிக் காமா ஒளியாக்கும் தலைகீழ் காம்ப்டன் ஒளியும் கூடவே கெடும். குறைந்த ஆற்றலில் சூரியக் காற்றின் தடுப்பைத் திருத்தும்போது, 2012 ஆகஸ்டில் சூரிய மண்டலக் குமிழைத் தாண்டிய வாயேஜர் 1-இன் அளவீடுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்; அவற்றுக்குத் தடுப்புத் திருத்தமே வேண்டாம்.

இனி வாயு. பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. அணு ஹைட்ரஜனுக்கு 21 செ.மீ. ரேடியோ வரி, மூலக்கூறு ஹைட்ரஜனுக்கு 2.6 மி.மீ. கார்பன் மோனாக்சைடு வரி. இரண்டையும் திசைவேகத்தைக் கொண்டு விண்மீன் மண்டல வளையங்களாகப் பிரிக்கவேண்டும். மையத்தை நோக்கிய திசையிலும் அதற்கு நேர் எதிர்த் திசையிலும் வேகம் தொலைவைச் சொல்லாது. அங்கே இருபுறத்து மதிப்புகளிலிருந்து இடைச்செருகுவதே வழி. அந்தப் பட்டைகளில் மாதிரிக்கு அடங்காமல் எஞ்சும் மிச்சத்தைப் புதிய இயற்பியல் என்று எண்ணாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அளவை ஹைட்ரஜனாக மாற்றும் காரணி 2×10²⁰ செ.மீ⁻² (கெல்வின் கி.மீ/வினாடி)⁻¹ என்ற அளவில் இருக்கும். ஆனால் மையத்திலிருந்து வெளியே போகப்போக அது கூடுகிறது. ஒரே எண்ணை எல்லா வளையத்துக்கும் போட்டால் உட்பகுதி அளவுக்கு மீறி ஒளிரும். இரண்டு வரியிலும் சிக்காத இருண்ட வாயுவைத் தூசி வரைபடத்தின் மிச்சத்திலிருந்து சேருங்கள். ஹைட்ரஜனின் சுழற்சி வெப்பநிலையை 150 கெல்வினில் ஒருமுறையும், வரி முற்றிலும் ஒளிபுகக்கூடியது என்று கொண்டு இன்னொருமுறையும் ஓட்டிப் பாருங்கள். அந்த இடைவெளியே உங்கள் முறைசார் பிழை.

பொருத்தும்போது வாயு வளையங்கள், தலைகீழ் காம்ப்டன், சீர்திசை ஒளி (எல்லாத் திசையிலும் ஒரேபோல வருவது), புள்ளி மூலங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி பெருக்கல் காரணி கொடுங்கள். 100 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் தொலைநோக்கியின் மங்கல் சுமார் 5 பாகை. மாதிரியை அதே அளவுக்கு மங்கலாக்காமல் ஒப்பிட்டால் வட்டுக்கு இருபுறமும் பொய்யான மிச்சம் தெரியும். 2010-இல் கண்டறியப்பட்ட ஃபெர்மி குமிழ்களுக்கும் (மையத்தின் மேலும் கீழும் நிற்கும் பெரிய காமா ஒளிக் குமிழ்கள்) லூப் 1 என்ற பெரிய வளைவுக்கும் வாயு வரைபடம் கிடையாது. அவற்றுக்குத் தனி வார்ப்புரு (வானில் அவற்றின் வடிவத்தைக் காட்டும் வரைபடம்) தராவிட்டால் காம்ப்டன் பகுதி அவற்றை விழுங்கி வீங்கிவிடும். அதன் காரணி 2, 3 என்று ஏறினால் எண்ணை ஏற்காமல் வரைபடத்தைத் திறந்து, மிச்சம் எந்த இடத்தில் குவிகிறது என்று பாருங்கள்.