வரிசை எண்ணிக்கை ஒத்துப்போனால் போதுமா? கிளவுட் மைக்ரேஷனில் டீம் லீட் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தின் பழைய டேட்டாபேஸில் இருக்கும் டேட்டாவை கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் வாடகைத் தளத்துக்கு, மாற்றுவதுதான் கிளவுட் மைக்ரேஷன். அப்போது பழைய டேபிளில் எத்தனை வரிசை, புதிய டேபிளில் எத்தனை வரிசை என்று பார்க்கிறோம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மைக்ரேஷன் முடிந்தது என்று மேலே சொல்லிவிடுகிறோம். டேட்டா இன்ஜினியரிங் டீமை நடத்துபவர் செய்யும் தவறுகளில் இதையே பெரியது என்பேன். எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே உள்ளிருக்கும் பொருள் மாறிப்போயிருக்கலாம்.

ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்து ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி போன்ற கிளவுட் டேட்டா தளங்களுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மதிப்பே இல்லாத ‘நல்’லும் காலியான எழுத்துத் தொடரும் ஆரக்கிளுக்கு ஒன்றுதான். புதிய இடத்தில் அவை வெவ்வேறு. முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் மூன்றையும் ஒட்டும் ஒரு கொயரியை (டேட்டாவைக் கேட்டு வாங்கும் கட்டளையை) எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பெயர் ‘நல்’லாக இருந்தால் ஆரக்கிள் மற்ற இரண்டையும் ஒட்டிக் கொடுத்துவிடும். புதிய இடத்தில் முழுப்பெயரே ‘நல்’ ஆகிவிடும். வரிசை ஒன்றுகூடக் குறையாது, பெயர்கள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

தேதியிலும் இதே கதைதான். ஆரக்கிளின் ‘டேட்’ வகைக்குள் மணி, நிமிடம், நொடி எல்லாம் உண்டு. அதே பெயரைப் பார்த்து புதிய இடத்திலும் ‘டேட்’ என்றே வைத்தால் நேரம் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ இன்னொரு பொறி. ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான டேபிள்கள், ரெட்ஷிஃப்ட் என்ற இன்னொரு கிளவுட் தளம், பிக்குவெரி எல்லாமே அதை அறிவிக்க விடும், ஆனால் ஒரே கீ இரண்டு முறை வராமல் காவல் காக்காது. பாதியில் நின்ற டேட்டா ஏற்றத்தை மறுபடி ஓட்டினால் அதே வரிசைகள் இரண்டாம் முறையும் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் நாள்வாரியாக, பிரிவுவாரியாகக் கூட்டுத்தொகைகளை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் (column) எத்தனை ‘நல்’, எத்தனை வெவ்வேறு மதிப்புகள் என்று எண்ணுங்கள். ஒரு மாதக் கணக்கு முடிப்பாவது கடக்கும்வரை பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் இன்ஜினியர் அல்ல, அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கிறவர்.

எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்றுவது அடுத்த தவறு. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி பெரும்பாலும் அப்படித்தான் தன் வாடிக்கையாளர் டேட்டாவைப் புதிய தளத்துக்கு மாற்றியது. அது வெறும் டேட்டா வேர்ஹவுஸ் (அறிக்கைகளுக்காக டேட்டாவைச் சேர்த்து வைக்கும் இடம்) வேலை அல்ல, வங்கியின் மைய அமைப்பே மாறியது. ஆனாலும் நமக்கான பாடம் அதில் இருக்கிறது. டேட்டா சரியாகவே போய்ச் சேர்ந்தது, அது போய் இறங்கிய தளம்தான் திணறியது. வழக்கமான நிலை திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. துண்டு துண்டாக மாற்றியிருந்தால் முதல் துண்டிலேயே அந்தத் திணறல் தெரிந்திருக்கும்.

ஆட்களைப் பிரிப்பதில் நடக்கும் தவறு பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அனுபவசாலிகளைப் புதிய தளத்துக்கு அனுப்பிவிட்டு, பழையதைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில் கட்டுவார்கள். பழைய ஸ்டோர்டு புரொசீஜரில் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த நிரலில்) ஒரு விதிவிலக்கு ஏன் இருக்கிறது என்பது பெரும்பாலும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு எழுதி வைக்காமல் நிரலை (code) மட்டும் மொழிபெயர்த்தால், அந்தக் காரணம் அவரோடு போய்விடும். என் பரிந்துரை: ஒரு துறையின் பழைய பைப்லைனும் (டேட்டாவை எடுத்து, மாற்றி, சேர்க்கும் தொடர்வேலை) புதிய பைப்லைனும் ஒரே சிறு குழுவின் கையில் இருக்கட்டும்.

என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும் முன்பே தேதி கொடுத்துவிடாதீர்கள். 100 டெராபைட்டை 1 ஜிகாபிட் இணைப்பில் அனுப்ப, முழு வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலும் 9 நாளுக்கு மேல் ஆகும்.

செலவையும் முதல் நாளிலிருந்தே பாருங்கள். பிக்குவெரியின் ஆன்-டிமாண்ட் முறையில் படிக்கும் பைட்டுகளுக்குத்தான் கட்டணம். சாதாரண டேபிளில் பத்து வரிசை மட்டும் போதும் என்று ‘லிமிட் 10’ போட்டதால் கட்டணம் குறையாது. இதை டீமில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள், பில் வந்த பிறகு திட்டுவதில் பயனில்லை.

பழைய சர்வரை அணைக்கும் தேதியையும் திட்டத்திலேயே எழுதுங்கள். முதலில் எழுதும் உரிமையை நிறுத்துங்கள். பிறகு யார் இன்னும் இணைகிறார்கள் என்று சர்வரின் லாகில் (இணைப்புப் பதிவில்) பாருங்கள். எவரும் சொல்லாத ஒரு ரிப்போர்ட் அங்கே நிச்சயம் தலைகாட்டும். அதையும் மாற்றிக் கொடுத்த பிறகு அணையுங்கள்.