செலவைக் கட்டுக்குள் வைத்துத் திருமணத்தைத் திட்டமிடுதல்

திருமணச் செலவைக் குறைக்க விரும்புவோர் பலர் முதலில் அழைப்பிதழின் தாளிலும் மேடை அலங்காரத்திலும்தான் கை வைக்கிறார்கள். ஆனால் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது விருந்தினர் எண்ணிக்கையே. அது முடிவாகும் முன் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டால், பிறகு செய்யும் சிக்கனம் எல்லாம் சில்லறைக் கணக்காகவே முடியும்.

எனினும் பட்டியலுக்கு முன், கையில் உள்ள தொகை தெரிய வேண்டும். மணமக்களின் சேமிப்பு, திருமண நாளுக்குள் மேலும் சேர்க்கக்கூடிய தொகை, இரு வீட்டாரும் தருவதாகச் சொல்லும் பங்கு ஆகியவற்றைக் கூட்டுங்கள். யார், எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பதைச் சங்கடப்படாமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலைத் தொகையாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கூட்டி வந்ததில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டுமே திட்டமிடுங்கள். கடன் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்ற நிலை வந்தால், கடன் தொகையைக் கூட்டுவதைவிடப் பட்டியலைக் குறைப்பதே நல்லது என்பது என் கருத்து.

செலவுகளில் இரு வகை உண்டு. மணமக்களின் உடை, புகைப்படக்காரரின் ஊதியம் போன்றவை நூறு பேர் வந்தாலும் முந்நூறு பேர் வந்தாலும் ஏறக்குறைய மாறாதவை. உணவு, இருக்கை, பரிமாறும் ஆட்கள், தங்குமிடம், வாகனம், மண்டபத்தின் அளவு ஆகியவையோ தலைக்கணக்கில் ஏறுபவை. முந்நூறு பேரை இருநூறாகக் குறைத்தால் இந்த இரண்டாம் வகைச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். அலங்காரத்தை எவ்வளவு சுருக்கினாலும் இந்த அளவு மிச்சமாகாது. ஆகவே இரு வீட்டாரும் தனித்தனியே பட்டியல் எழுதி, எவர் இல்லாமல் திருமணத்தை நினைத்துப் பார்க்க முடியாதோ அவர்களை முதலில் குறித்து, அங்கிருந்து மேலே செல்லுங்கள். இருக்கும் பட்டியலிலிருந்து பெயர்களை அடிப்பதைவிட இது எளிது, மனக்கசப்பும் குறைவு. கடமைக்காக அழைக்க நினைக்கும் வட்டத்தை மொத்தமாக விடுவது, அதில் நால்வரை மட்டும் தேர்ந்தெடுப்பதைவிட நியாயமாகத் தெரியும்.

தேதியில் விட்டுக்கொடுக்க முடிந்தால் மண்டப வாடகையில் பேரம் பேச இடமிருக்கும்; தேவை குறைந்த மாதங்களும் வாரநாட்களும் பெரும்பாலும் மலிவானவை. ஆனால் வாரநாளில் வெளியூர் விருந்தினர் விடுப்பு எடுக்க நேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மண்டபத்தையும் சமையல்காரரையும் ஒப்பிடும்போது சொல்லப்படும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வரி, மின்சாரம், துப்புரவு, கூடுதல் நேரத்துக்கான கட்டணம் ஆகியவை விலைக்குள் அடங்குமா, வெளியாட்களை அழைத்துவந்தால் தனிக்கட்டணம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். உணவில் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருந்தால், அதற்குக் கீழே ஆட்கள் வந்தாலும் பணம் கொடுத்தாக வேண்டும் என்பதால் அந்த எண்ணைச் சற்றுக் குறைவாகவே ஒப்புக்கொள்ளுங்கள். இறுதி எண்ணிக்கையைச் சொல்ல வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பே விருந்தினரிடம் வருகையை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

மற்றவற்றில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. அழைப்பிதழைப் பெரும்பாலானோருக்குக் கைபேசியிலேயே அனுப்பலாம். ஒரே முறை உடுத்தும் உடையை வாடகைக்கு எடுக்கலாம். புகைப்படத்தில் மட்டும் அதிகம் கஞ்சத்தனம் வேண்டாம்: மலிவான ஆளை நாள் முழுவதும் வைப்பதைவிடத் தேர்ந்தவரை முக்கியமான சில மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்துங்கள்.

ஒவ்வொரு செலவுக்கும் மதிப்பிட்ட தொகை, பேசி முடித்த தொகை, கொடுத்த முன்பணம், மீதி செலுத்த வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரே ஏட்டில் எழுதி வாருங்கள். திருமண நாளில் பாக்கிகளைத் தீர்க்கும் பொறுப்பை நம்பகமான ஒருவரிடம், தனித்தனி உறைகளில் பணத்தோடு ஒப்படையுங்கள். மண்டபத்தைக் காலி செய்யும்போது சேதம் ஏதும் இல்லை என்று அங்கேயே எழுதி வாங்கி, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற வேண்டியதும் அவருடைய வேலையே.