முதல் மசில் கார்: 1965, 66 மஸ்டாங்கைப் பார்த்து வாங்கி ஓட வைப்பது எப்படி

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கிச் சீரமைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன், என்ன கார்புரேட்டர், சத்தம் எப்படி இருக்கும் என்று. நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் தகரம், அடுத்து பிரேக், அதன் பிறகுதான் இன்ஜின். அந்தக் காலத்து வி8 இன்ஜினுக்கு உதிரிபாகமும் கிடைக்கிறது, வேலை தெரிந்த ஆளும் கிடைக்கிறார். அடிப்பாகம் துருவால் அரித்துப்போன காரை மீட்கவோ, வாங்கிய விலைக்கு மேல் கொட்ட வேண்டிவரும். இந்த வரிசையிலேயே ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: எந்தக் கார்?

கறாராகப் பேசுகிறவர்கள் மஸ்டாங்கை மசில் கார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நடுத்தர அளவுக் காரில் பெரிய இன்ஜினைப் பொருத்திய 1964 போன்டியாக் ஜிடிஓ போன்றவைதான் அந்தப் பெயருக்கு உரியவை, மஸ்டாங் அளவில் சிறிய, ஸ்போர்ட்ஸ் தோற்றமுள்ள ‘போனி கார்’ என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் முதல் காராக நான் கைகாட்டுவது 1965 அல்லது 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கைத்தான். 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான இந்தக் கார், இந்த இரண்டு மாடல் ஆண்டுகளில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதனால்தான் கதவுக் கைப்பிடியிலிருந்து அடித்தகடு வரை ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அமைப்பும் எளிது. பானெட்டைத் திறந்தால் எது எதோடு சேர்கிறது என்று கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

கார் எந்த ஊரில் ஓடியது என்றும் கேளுங்கள். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு காரின் அடியைத் தின்றுவிடும். அரிசோனா, கலிபோர்னியா போன்ற வறண்ட இடத்துக் கார்களில் பெயின்ட் வெளுத்திருக்கும், சீட் கிழிந்திருக்கும், தகரம் மட்டும் உறுதியாக இருக்கும். சீட் தைப்பது சின்ன வேலை, தகரம் பெரிய வேலை. மினுக்கும் பெயின்டைவிட வெளுத்த பெயின்டையே நான் நம்புவேன்.

படி 2: நம்பரைப் படியுங்கள்

பானெட்டைத் திறந்து, டிரைவர் பக்கத்து உள் மட்கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். அங்கே தகரத்திலேயே காரின் அடையாள நம்பர் குத்தப்பட்டிருக்கும். கதவிலும் ஒரு தகடு உண்டு. ஆனால் கதவை மாற்றினால் தகடும் சேர்ந்தே மாறிவிடும். ஆகவே தகரத்தில் குத்திய நம்பர், கதவுத் தகடு, உரிமைப் பத்திரமான டைட்டில், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். டைட்டிலில் உள்ள நம்பர் தகரத்தில் உள்ளதோடு சேரவில்லை என்றால், விற்பவர் என்ன காரணம் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். பிறகு பதிவு செய்யப் போகும்போது சிக்கல் முழுக்க உங்கள் தலையில் விழும்.

நம்பரின் முதல் இலக்கம் மாடல் ஆண்டு. 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டச்சென். அதன் பின் உடல் வகை: 07 கூப்பே, 08 திறந்த கூரை, 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது இடத்தில் வரும் எழுத்துதான் இன்ஜின். டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். சி என்றால் இரட்டை வாய் கார்புரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8, 200 குதிரைத்திறன். ஏ என்றால் அதே 289, நான்கு வாய் கார்புரேட்டரோடு 225 குதிரைத்திறன். கே என்றால் 271 குதிரைத்திறன் தந்த சிறப்பு 289. 1964 இலையுதிர் காலத்துக்கு முன் தயாரான முதல் கார்களில் இன்ஜின் எழுத்துகள் வேறு.

இதை வைத்தே பல போலிகளைப் பிடித்துவிடலாம். ஜிடி என்ற சிறப்புத் தொகுப்பு ஏ, கே எழுத்துக் கார்களுக்கு மட்டுமே தொழிற்சாலையில் கொடுக்கப்பட்டது. சி எழுத்து உள்ள காரில் ஜிடி பட்டை ஒட்டியிருந்தால் அது பின்னால் வந்தது. இன்னொரு அடையாளம் சக்கரத்தில் இருக்கிறது. ஆறு சிலிண்டர் கார்களின் சக்கரத்துக்கு நான்கு நட், வி8 கார்களுக்கு ஐந்து. உள்ளே வி8 உறுமுகிறது, சக்கரத்தில் நான்கே நட் என்றால், இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் பழையபடியே விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது ஆபத்தான கார்.

படி 3: ஒரு குடம் தண்ணீர்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மழை வந்தாலும் அவசரப்படாதீர்கள்.

முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே காற்றுச் சல்லடை உள்ள பகுதிக்குக் கவுல் என்று பெயர். மழைத் தண்ணீர் அந்தச் சல்லடை வழியாக உள்ளே இறங்கி இரு பக்கமும் வெளியே வடியும்படி செய்திருக்கிறார்கள். காருக்குள் காற்று போகும் துளைகளைச் சுற்றி உள்ளே உயரமான விளிம்பு உண்டு. இலைச்சருகும் மண்ணும் அந்த விளிம்போரம் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். விளிம்பு அரித்துப்போனதும் தண்ணீர் நேராகக் காருக்குள் இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

சோதனை எளிது. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் சல்லடையின் இடது பக்கமும் வலது பக்கமும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே சொட்டினால் கவுல் போய்விட்டது. இதை முறையாகச் சரிசெய்ய மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரித்து, புதுத் தகடு வைத்து, மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். புதியவர் கையில் எடுக்கும் வேலை இல்லை. விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லையேல் அடுத்த காருக்குப் போங்கள்.

தண்ணீர் சொட்டினால் அதற்கு நேர் கீழே இருக்கும் அடித்தகடும் போயிருக்கும். காருக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மொத்தென்று சொல்லும். மஸ்டாங்கில் தனி சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். ஜிடிஓவிலும் செவர்லே செவெல்லிலும் தனி ஃபிரேம் உண்டு. மஸ்டாங்கில் அடித்தகடு, அதோடு சேர்ந்த நெடுஞ்சட்டங்கள், கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டம் ஆகியவைதான் காரின் முதுகெலும்பு. அவை போனால் கதவு சரியாக மூடாது.

பானெட்டுக்குள் இரு பக்கமும் ஷாக் அப்சார்பரைத் தாங்கி நிற்கும் கோபுரங்களையும் பாருங்கள். சஸ்பென்ஷனின் மேல் கை இணையும் இடத்தைச் சுற்றி விரிசல் வரும். பின்பக்கக் கீழ் மட்கார்டில் ஒரு சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே தகரமே இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள்.

படி 4: பிரேக்

கார் வீட்டுக்கு வந்தாயிற்று. இன்ஜினில் கை வைக்கத் துறுதுறுக்கும். பொறுங்கள்.

பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். 1966 வரை மஸ்டாங்கில் அதற்கு ஒரே அறைதான். நான்கு சக்கரங்களில் எந்த ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. பழைய காரில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவதற்கான பாகங்கள் தொகுப்பாகவே கிடைக்கின்றன. அசல் தன்மை கெடும் என்று சிலர் தயங்குவார்கள். நீங்கள் ஓட்டப்போகும் காருக்கு இதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். செய்முறை இதோ. ஜாக்கியில் தூக்கிய காரை ஜாக் ஸ்டாண்டில் இறக்கி உட்கார வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கக்கூடும், அதனால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து எடுங்கள், முகமூடி அணியுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எங்கே மாட்டியது என்று மறந்துபோனால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். லைனிங் குட்டையாக உள்ள ஷூ முன்பக்கம் வர வேண்டும், நீளமானது பின்பக்கம். பல்சக்கர அட்ஜஸ்டரின் மரை இடதுக்கும் வலதுக்கும் எதிரெதிர். பக்கம் மாற்றிப் போட்டால் தானாக இறுக வேண்டியது தளர்ந்துபோகும்.

வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள். இரும்புக் குழாயில் துரு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். கடைசியாக, மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தூரத்தில் உள்ள பின் வலது சக்கரத்தில் தொடங்கி, பின் இடது, முன் வலது, முன் இடது என்று காற்றை வெளியேற்றுங்கள். மிதி கல் போல் நிற்கும்வரை விடாதீர்கள்.

ஸ்பானர் வாங்கும்போது ஒரு விஷயம். இந்தக் காரின் போல்ட் எல்லாம் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை உருண்டுவிடும்.

படி 5: பெட்ரோல் டேங்க்

இது சுலபம். டேங்கின் மேல்பகுதியே டிக்கியின் தரையாக இருக்கிறது. ஹோஸையும் ஒயரையும் கழற்றி, சுற்றியுள்ள ஸ்க்ரூக்களை எடுத்தால் டேங்கை மேல்வழியாகவே தூக்கிவிடலாம். பல ஆண்டு நின்ற பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். கொள்ளளவு 16 கேலன், சுமார் 60 லிட்டர். கழுவுவதில் நேரம் செலவிடாமல் புதிய டேங்க் வாங்கிவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும். அதைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மாற்றுங்கள்.

படி 6: இன்ஜினை எழுப்புவது

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பும் ஆசையை அடக்குங்கள். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் லேசான எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம், இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். இந்த இன்ஜினின் கேம் ஷாஃப்டில் உரசும் டேப்பட்டுகள் தட்டையானவை. அவற்றுக்கு ஜிங்க் அதிகமுள்ள ஆயில் தேவை. இன்றைய கார்களுக்கான ஆயிலில் அது குறைவு என்பதால், பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயிலைக் கேட்டு வாங்குங்கள். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றவிட்டு ஆயில் அழுத்தம் வருகிறதா பாருங்கள். 1966 காரில் முள் உண்டு, 1965 காரின் சாதாரண டேஷ்போர்டில் விளக்கு அணைய வேண்டும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் சி.பி. பாயின்ட், கண்டென்சர், கேப், ரோட்டர் எல்லாம் புதிது போடுங்கள். 289-க்குப் பாயின்ட் இடைவெளி 0.017 அங்குலம். ஃபயரிங் வரிசை 1-5-4-2-6-3-7-8. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க வலது பக்கத்தில் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடது பக்கத்தில் 5 முதல் 8. டிஸ்ட்ரிபியூட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். புதியவர்கள் பிளக் ஒயரை மாற்றி மாட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்காததால்தான்.

ரேடியேட்டரை நிரப்புங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இனி சாவியைத் திருப்பலாம். பிடித்ததும் நம்மை அறியாமல் ஆக்சிலேட்டரை மிதிக்கத் தோன்றும். மிதிக்காதீர்கள். ஆயில் அழுத்தம், தண்ணீர் ஒழுக்கு, பெட்ரோல் வாடை, மூன்றையும் கவனித்தபடி மெதுவாகச் சூடேற விடுங்கள்.

படி 7: பிரித்துப் போடாதீர்கள்

கார் ஓடத் தொடங்கியதும் பலர் செய்வது, மொத்தத்தையும் பிரித்து அட்டைப் பெட்டிகளில் அடுக்குவது. சீரமைப்பு பாதியில் நின்று, ‘ப்ராஜெக்ட் கார்’ என்று விற்பனைக்கு வரும் கார்களில் பல இப்படிப் பிரிக்கப்பட்டவைதான். ஒரு சமயத்தில் ஒரு வேலை, அது முடிந்ததும் கார் மறுபடி ஓட வேண்டும் என்ற கணக்கில் போங்கள். இந்த மாதம் ஸ்டியரிங் இணைப்புகள், அடுத்த மாதம் பின் லீஃப் ஸ்பிரிங்கின் புஷ் என்று.

அந்தந்த ஆண்டுக்கு ஃபோர்டு வெளியிட்ட ஷாப் மேனுவலின் மறுபதிப்பு கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால், ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடின வால்வ் சீட்டுகளை அப்போதே போட்டுவிடுங்கள். அதற்காக மட்டும் ஓடுகிற இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சாதாரண பாலிசி வேண்டாம். அதில் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். பழைய கார்களுக்கென்று, மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசி உண்டு, அதைக் கேளுங்கள். செய்த வேலைக்கெல்லாம் ரசீதும் போட்டோவும் சேர்த்து வைத்தால் அந்த மதிப்பை நிறுவ உதவும். பெயின்டிங் கடைசி. தகர வேலையும் வெல்டிங்கும் பாக்கி இருக்கும்வரை பெயின்ட் கடைப் பக்கமே போகாதீர்கள்.