வெள்ளக் காலத்தில் செயற்கைக்கோள் படம் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பர்மாவில் பெகு பக்கம் மழை வலுத்தால், ரங்கூனிலும் சிரியத்திலும் இருப்பவர்கள் சொந்தக்காரர் ஊர் என்ன ஆனதோ என்று செயற்கைக்கோள் படங்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் பெகு நகரம் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் படத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது ஆபத்து.

முதலில் தேதியைப் பாருங்கள். மே முதல் அக்டோபர் வரை நம் வானத்தில் மேகம் விலகுவது அபூர்வம். சாதாரணக் கேமரா வகைப் படத்தால் மேகத்தைத் தாண்டிப் பார்க்க முடியாது. அடைமழை நாளில் ஊர் பளிச்சென்று தெரிந்தால், அது அநேகமாகப் பழைய படம்தான். கூகுள் எர்த்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்கூட வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்தவையாக இருக்கலாம்.

மேகத்தைத் தாண்டிப் பார்க்க ராடார் படம் வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் தானே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. இரவிலும் வேலை செய்யும். அசையாத நீர் அந்த ரேடியோ அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் திருப்பிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: கறுப்பெல்லாம் வெள்ளம் என்று எண்ணிவிடுகிறார்கள். நடவு நேரத்தில் வயலில் தண்ணீர் நிற்பது வழக்கம்தானே, அதுவும் கறுப்புதான். மீன் குளமும் அப்படியே. வெள்ளத்துக்கு முந்தைய படத்தையும், போன வருடம் இதே மாதத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் எது புதுத் தண்ணீர் என்று தெரியும்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே தண்ணீர் நின்றால், ரேடியோ அலை நீரில் பட்டு, சுவரிலோ அடிமரத்திலோ மோதி, அப்படியே திரும்பி வரும். அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். காற்றில் அலையடிக்கும் நீரும் வெளுப்புதான். "கறுப்பு இல்லை, நம் ஊர் தப்பித்தது" என்று தயவுசெய்து யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள். போன் போட்டு விசாரியுங்கள்.

அப்புறம், ஒரு புள்ளி தரையில் எவ்வளவு இடம் என்பது. 2008 மே மாதம் நர்கீஸ் புயலுக்குப் பின் ஐராவதி டெல்டா மூழ்கியதை நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் படங்கள் காட்டின. அதன் மிக நுணுக்கமான படத்திலும் ஒரு புள்ளி 250 மீட்டர். டெல்டா முழுவதையும் பார்க்க அது போதும், ஒரு தெருவைத் தேட உதவாது. கேமரா வகைப் படம் எடுக்கும் சென்டினல்-2-இல் ஒரு புள்ளி 10 மீட்டர் வரை சிறிது; அதிலும் குடிசையைத் தேட முடியாது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் படத்தில் வயல் ரத்தச் சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், பயிர் செழிப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

சித்தாங் ஆற்று முகத்துவாரத்தில் கரை அரிப்பு உண்மையான துயரம். ஆனால் கடல்நீர் வற்றத்தில் (இறங்கியிருக்கும்போது) எடுத்த படத்தையும் ஏற்றத்தில் (ஏறியிருக்கும்போது) எடுத்ததையும் ஒப்பிட்டு "இவ்வளவு நிலம் போச்சு" என்று கணக்குப் போடக் கூடாது. வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திட்டு ஏற்றத்தில் நீருக்கடியில் போய்விடும். இரண்டும் ஒரே கடல்மட்டத்தில் எடுத்தவையா என்று, படம் எடுத்த நேரத்தை அந்த நாளின் ஓத அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். சென்டினல் படங்களின் தேதியும் நேரமும் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.