சூரியப் புயல் அறிவிப்பு வந்தால் நம் கரையில் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டின் நீரோடிக்கும் கேரளத்தின் பொழியூருக்கும் நடுவே மாநில எல்லை மணலோடு முடிந்துவிடுகிறது. தூத்தூர்க் கரையின் விசைப்படகுகள் கொச்சியிலிருந்து புறப்பட்டு வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கின்றன. கரை கண்ணுக்குத் தெரியாத அந்த நாட்களில் ஓட்டுநர் நம்புவது ஜி.பி.எஸ். ஒன்றைத்தான் என்பதாலும் சூரியப் புயல் அதைக் கெடுக்கக்கூடும் என்பதாலும், இக்குறிப்பு முதலில் அவருக்கும் பிறகு அவர் வீட்டாருக்கும் எழுதப்பட்டது.

சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால் அதன் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்தில் நெடுந்தொலைவு சிற்றலை வானொலித் தொடர்பைக் கெடுக்கும். அதோடு வீசப்படும் மின்னூட்டத் துகள் மேகம்தான் பூமியின் காந்தப் புலத்தைக் குலுக்கிக் காந்தப் புயலை உண்டாக்குகிறது; அது வந்துசேர ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகலாம். 1859 செப்டம்பரில் ஆங்கில வானியலாளர் காரிங்டன் கண்ட வெடிப்பின் மேகமோ ஏறத்தாழ 17 மணி நேரத்தில் வந்துவிட்டது. ஆகவே அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது ஜி1 (லேசானது) முதல் ஜி5 (மிகக் கடுமையானது) வரையான அளவுகோலில் புயல் எந்தப் படியில் இருக்கிறது என்பதே. ஜி3 வரை நாம் எதுவும் செய்யத் தேவையில்லை. ஜி4, ஜி5 என்றால், கடலுக்குப் புறப்படும் முன் பார்கள் எனும் கடலடிப் பாறைத் திட்டுகளின் இருப்பிடங்களையும் துறைமுக வாயையும் கருவியின் நினைவகத்திலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகையாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுக்கான் அறையில் வைக்க வேண்டும். கடலில் இருப்பவர் மணிக்கொருமுறை இருப்பிடம், திசை, வேகம் மூன்றையும் அதில் குறித்துவந்தால், திரை வெறுமையானாலும் கடைசிப் புள்ளியிலிருந்து கணக்கிட்டுத் திரும்பலாம்.

நம் கடலுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு அருகில் செல்வதால்தான் 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்டது; அதே காரணத்தால் இங்கே மேல்வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கு, புயலற்ற நாட்களிலும் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் குமிழியிட்டு, செயற்கைக்கோள் சைகையை நடுங்கச் செய்கிறது. புயல் சில வேளைகளில் இதை மோசமாக்கும். எனவே அந்த இரவுகளில் பாறைக்கு அருகிலோ, கப்பல்கள் செல்லும் வழியிலோ திரையை மட்டும் நம்பி ஓட்டலாகாது.

காந்தப் புயலில் திசைகாட்டி ஏமாற்றாதா என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் அப்புயல் பெரும்பாலும் வடக்கு-தெற்குத் திசையிலேயே புலத்தைச் சற்றுக் குறைக்கிறது. 1859-இல் பம்பாய் கொலாபாவில் பதிவான சுமார் 1600 நானோடெஸ்லா வீழ்ச்சிகூட மொத்தப் புலத்தில் சில விழுக்காடுதான். ஊசி குறிப்பிடும்படி திரும்பாது. கரை தெரியும் தூரத்தில், மலையையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் பிடிக்கும் பெரியவர்களின் கணிச்சம் எந்தப் புயலுக்கும் அஞ்சாது. படகுகளுக்கிடையே பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும் பெரும்பாலும் இயங்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, கைப்பேசியோ தொலைக்காட்சியோ நேரடியாகக் கெடுவதில்லை. நள்ளிரவில் கைப்பேசியை அணைக்கச் சொல்லி வரும் வாட்ஸாப் செய்திகளைக் கடந்து போகலாம். புயலின் மின்னோட்டம் நீண்ட கம்பிகளில்தான் பாயும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்கட்டமைப்பு சுமார் 90 விநாடிகளில் சரிந்து, ஒன்பது மணி நேரம் இருண்டது. அத்தகைய பாதிப்பு உயர் அட்சரேகை நாடுகளுக்கே அதிகம் என்றாலும், 2013 டிசம்பர் 31 முதல் தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்திருப்பதால், தொலைவில் ஏற்படும் குலுக்கல் இங்கும் எட்டக்கூடும். மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, டார்ச்சையும் கைப்பேசியையும் சார்ஜ் செய்து, இரண்டு நாள் செலவுக்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது போதும். மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்சாரம் திரும்பி வந்து பத்து நிமிடம் சீராக நின்ற பிறகே மாட்ட வேண்டும். மீனுக்கு ஐஸ் கட்டி வாங்குபவர் அதை முந்தைய நாளே வாங்கிவிடுவது நல்லது. மின்சாரம் நின்றால் ஐஸ் ஆலையும் நிற்கும்.